ஆட்டம் முழுக்கப் பார்த்தும் ஆளைக் காணோம்!

கேள்வி: மெல்பர்னில் இருக்கிறோம். பக்கத்து வீட்டுப் பையன் ஃபூட்டி (ஆஸ்திரேலிய வகைக் கால்பந்து) ஆடிக்கொண்டிருந்தவன். இப்போது உதவித்தொகையுடன் ஓர் அமெரிக்கக் கல்லூரியின் ஃபுட்பால் அணிக்குப் பன்டராகப் போயிருக்கிறான். இரண்டு ஆட்டங்களை விடிய விடியப் பார்த்தோம், ஆளைக் காணவில்லை. மறுநாள் புள்ளிவிவரத்தில் தேடினாலும் பெயர் இல்லை. அவனை எப்படிப் பின்தொடர்வது? எந்த எண்ணைப் பார்த்து நன்றாக ஆடினான் என்று தெரிந்துகொள்வது?

பதில்: மூன்றரை மணி நேர ஆட்டத்தில் பன்டருக்கு வேலை நாலைந்து முறைதான், அதுவும் ஒவ்வொரு முறையும் சில விநாடி. பத்து யார்டு முன்னேற அணிக்கு நான்கு வாய்ப்பு உண்டு. ஒவ்வொன்றும் ஒரு டவுன். மூன்றில் முடியாமல் போனால், நான்காவதில் பந்தை எதிரணியின் எல்லைப் பக்கமாகத் தூர உதைத்து விடுவார்கள். அதுதான் பன்ட். எனவே திரையில் மூன்றாவது டவுன் என்று வந்ததும் தேநீர்க் கோப்பையைக் கீழே வையுங்கள். அந்த முயற்சி தோற்றால் அடுத்து ஓடி வருவது உங்கள் பையன்.

அதற்குமுன் அவன் ஆடுகிற நிலையில் இருக்கிறானா என்று பாருங்கள். கல்லூரியின் விளையாட்டுத் துறை இணையதளத்தில் வீரர் பட்டியல் இருக்கும். சட்டை எண்ணை மட்டும் நம்ப வேண்டாம். அணியில் நூறு பேருக்குக் குறையாமல் இருப்பதால் ஒரே எண்ணை இருவர் அணிவது சகஜம். இருவரும் ஒரே சமயத்தில் களத்தில் நிற்கக் கூடாது, அவ்வளவுதான். முழுப் பெயரை அந்தப் பட்டியலில் உள்ள எழுத்திலேயே தேடுங்கள். பிறகு, எந்த இடத்தில் யார் முதலில் ஆடுவார் என்று பல கல்லூரிகள் வெளியிடும் வரிசைப் பட்டியலில் பன்டர் இடத்தில் யார் பெயர் முதலில் இருக்கிறது என்று பாருங்கள். இரண்டாவதாக இருந்தால் அந்த ஆண்டு அவன் ரெட்ஷர்ட் ஆகலாம். அதாவது நான்கு ஆட்டங்கள் வரை மட்டும் ஆடி, ஓர் ஆண்டுத் தகுதியைக் கையிருப்பில் வைத்துக்கொள்வது. அது தண்டனை இல்லை.

ஆடியும் பெயர் வராமல் போவதற்கு இன்னொரு காரணம் உண்டு. கோல் கம்பங்களுக்கு நடுவே உதைத்துப் புள்ளி எடுக்கும் ஃபீல்ட் கோல் அடிக்கும்போது பந்தைத் தரையில் பிடித்து நிறுத்துகிறவர் பல அணிகளில் பன்டர்தான். அந்த வேலைக்கு எண்ணிக்கையே கிடையாது. ஆட்ட அறிக்கையின் கடைசியில் களமிறங்கியவர்களின் பட்டியல் இருக்கும். பெயரை அங்கே தேடுங்கள்.

நேரக் கணக்கில்தான் மெல்பர்ன்காரர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். ஆகஸ்ட் கடைசி முதல் நவம்பர் கடைசி வரை பெரும்பாலும் சனிக்கிழமைகளில் பன்னிரண்டு ஆட்டங்கள். அமெரிக்கக் கிழக்கு நேரத்துக்கும் உங்களுக்கும் உள்ள இடைவெளி அந்த ஒரே பருவத்துக்குள் இரண்டு முறை மாறுகிறது. செப்டம்பரில் 14 மணி நேரம். அக்டோபர் முதல் ஞாயிறு உங்கள் கடிகாரம் முன்னே போவதால் 15. நவம்பர் முதல் ஞாயிறு அவர்கள் கடிகாரம் பின்னே போவதால் 16. ஆக, அங்கே நண்பகலில் தொடங்கும் ஆட்டம் உங்களுக்கு ஞாயிறு அதிகாலை 2 மணி, பிறகு 3, பிறகு 4. மாலை 3.30 ஆட்டம் 5.30, 6.30, 7.30 என்று நகரும். ஐயோவா போன்ற மத்திய நேர மாநிலத்துக் கல்லூரி என்றால் அவர்கள் தளத்தில் போடுவது உள்ளூர் நேரம். அதோடு ஒரு மணி கூட்டினால்தான் கிழக்கு நேரம். ஆட்டம் எத்தனை மணிக்கு என்பதே பல சமயம் 12 நாள் முன்புதான் முடிவாகும், சில வாரங்களில் 6 நாள் முன்பு. ஆண்டுத் தொடக்கத்தில் எழுதி ஒட்டிய அட்டவணையைப் பார்த்து அலாரம் வைக்காதீர்கள்.

எந்தச் சேனல் என்பது பெரும்பாலும் சொந்த மைதானத்து அணி எந்தக் கூட்டமைப்பில், அதாவது எந்தக் கல்லூரிகளின் போட்டிக் குழுவில், இருக்கிறது என்பதைப் பொறுத்தது. பிக் டென் என்றால் ஃபாக்ஸ், சிபிஎஸ், என்பிசி. எஸ்இசி என்றால் இஎஸ்பிஎன், ஏபிசி. அந்த ஒளிபரப்பு உங்கள் ஊரில் கிடைக்காவிட்டால் கல்லூரித் தளத்தின் நேரடி ஸ்கோர் பக்கமே போதும். எங்கிருந்து உதைத்தான், எத்தனை யார்டு போனது, பந்து எங்கே நின்றது எல்லாம் வரி வரியாக வரும். பன்டரைப் பொறுத்தவரை அது படத்தைவிட உபயோகமானது என்றே சொல்வேன்.

இனி எண்கள். எல்லோரும் பார்ப்பது சராசரித் தூரம். அது பாதி உண்மைதான். ஐந்து பன்ட், மொத்தம் 225 யார்டு என்றால் சராசரி 45. ஆனால் எதிரணி பந்தைப் பிடித்துத் திரும்ப ஓடியது 15 யார்டு, ஒரு பந்து எதிரணியின் கோல் கோட்டைத் தாண்டிப் போய் டச்பேக் ஆனது என்று வையுங்கள். டச்பேக் ஆனால் எதிரணி தன் 20 யார்டு கோட்டிலிருந்து தொடங்கும், எனவே அதற்கு 20 கழிக்க வேண்டும். 225-இல் 35 போனால் 190. ஐந்தால் வகுத்தால் 38. இதுதான் நிகர சராசரி. மைதான நடுவுக்கு அப்பாலிருந்து 38 யார்டு மட்டும் உதைத்து, பந்தை எதிரணியின் 4 யார்டு கோட்டில் நிறுத்தினால் சராசரி இறங்கும், பயிற்சியாளர் முகம் மலரும். அதனால் 20 யார்டுக்குள் நிறுத்திய எண்ணிக்கையையும் டச்பேக் எண்ணிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எதிரணி ஓட முயலாமல் பிடித்து நிற்கும் ஃபேர் கேட்ச் அதிகமென்றால் பந்து போதுமான நேரம் காற்றில் நிற்கிறது என்று பொருள்.

ஃபூட்டி பார்த்த கண்ணுக்கு ஒன்று சட்டென்று பிடிபடும். ஆஸ்திரேலியப் பையன்கள் வலப்பக்கம் நாலு எட்டு ஓடிக்கொண்டே உதைப்பார்கள், பந்தும் ஃபூட்டியின் டிராப் பன்ட் போலப் பின்சுழற்சியோடு போகும், விழுந்ததும் எகிறி ஓடாது. தொழில்முறை லீகான என்எஃப்எல்லில் உதைக்கும்வரை இரு ஓரத்து ஆட்கள் மட்டுமே முன்னே ஓடலாம். கல்லூரி விதியில் அந்தத் தடை இல்லை. அவன் ஓடி நேரம் கடத்தும் அந்த இடைவெளியில் கூட்டாளிகள் பாதித் தூரம் போயிருப்பார்கள். ஆபத்தும் அதில்தான். பந்தை எடுத்துக் கொடுப்பவரின் இருபுறமும் ஐந்து ஐந்து யார்டு உள்ள பகுதியைத் தாண்டி ஓடிவிட்டால் உதைப்பவருக்கான பாதுகாப்பு போய்விடும். அங்கே அவனை இடித்துத் தள்ளியும் தவறு என்று காட்டும் கொடி விழவில்லை என்று நடுவரைத் திட்ட வேண்டாம்.

பன்டர் அதிகம் உதைத்தால் அணி தடுமாறுகிறது என்றுதான் அர்த்தம். மெல்பர்னின் டோரி டெய்லர் 2023-இல் ஐயோவா அணிக்காக 14 ஆட்டங்களில் 93 முறை உதைத்து 4,479 யார்டு சேர்த்தார். 1938 முதல் நின்ற ஒரே பருவ யார்டு சாதனை உடைந்தது. அணியின் தாக்குதல் அவ்வளவு மோசம்! ஆனாலும் அவர் பறித்துத் தந்த இடத்தை வைத்துத் தடுப்பாட்டம் ஆடியே பத்து ஆட்டம் வென்றார்கள். சிறந்த கல்லூரிப் பன்டருக்கான ரே கை விருது அவருக்குக் கிடைத்தது, 2024-இல் என்எஃப்எல் அணிகள் புது வீரர்களைத் தேர்ந்தெடுத்தபோது சிகாகோ பேர்ஸ் அவரை 122-ஆவது தேர்வாக எடுத்தது. எதிர்ப்பக்கமும் உண்டு: தேசியத் தரவரிசையில் இடம்பெற ஆட்டத்துக்குக் குறைந்தது 3.6 பன்ட் வேண்டும். பலமான அணியில் இருக்கும் நல்ல பன்டர் அந்தப் பட்டியலிலேயே வராமல் போகலாம்.

சட்டை வாங்கினால் பையனுக்குப் பணம் போகும் என்று நினைக்காதீர்கள். மாணவர் விசாவில் இருப்பவர் அமெரிக்காவில் விளம்பர வருமானம் ஈட்டக் கட்டுப்பாடு கடுமை. டெய்லரின் வாசகம் அச்சிட்ட டி-ஷர்ட் நன்றாக விற்றும் லாபத்தை அவர் அறப்பணிக்குத்தான் கொடுத்தார்.

ஜனவரியில் வீரர் பட்டியலை மறுபடி ஒருமுறை திறந்து பாருங்கள். கல்லூரி மாறுகிறவர்கள் மாறுவது அப்போதுதான். பெயர் காணாமல் போயிருந்தால் புதுக் கல்லூரியின் தளத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். கூட்டமைப்பும் சேனலும் உங்கள் அலாரமும் அதோடு சேர்ந்து மாறும்.