கிரில்லைப் பார்க்காதீர்கள், சேசிஸைப் பாருங்கள்: போர்க்கால ஜீப் கேள்வி பதில்

இரண்டாம் உலகப்போர் காலத்து ராணுவ வண்டிகளைப் பற்றிக் கேளுங்கள் என்று போன வாரம் சொல்லியிருந்தேன். வந்ததில் முக்கால்வாசி ஜீப்பைப் பற்றித்தான். என் வீட்டிலும் பல வருடமாக ஒரு ஃபோர்டு ஜீப் இருக்கிறது. அதைக் கழற்றிப் பூட்டிக் கற்றதைத்தான் இங்கே சொல்கிறேன். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

கூடலூர் வாசகர்: தாத்தா எஸ்டேட்டில் ஓட்டிய ஜீப் எங்கள் வீட்டுப் பின்கட்டில் நிற்கிறது. "வெள்ளைக்காரன் பட்டாளத்து வண்டி" என்று பாட்டி சொல்வார். உண்மையா அண்ணா?

முன்பக்க கிரில்லில் எத்தனை துளை என்று எண்ணுங்கள் தம்பி. போர்க்கால ஜீப்புக்குப் பெரும்பாலும் ஒன்பது. 1945 முதல் பொதுமக்களுக்காக வந்த சி.ஜே. வகைக்கு ஏழு. அடுத்து பின்பக்கம் போங்கள். போர்க்கால வண்டியில் பின் தகடு திறக்காது, ஸ்டெப்னி அதன்மேல் தொங்கும். சி.ஜே. வண்டிக்குப் பின்கதவு உண்டு, ஸ்டெப்னி பக்கவாட்டில் இருக்கும். மூன்றாவது ஸ்டியரிங். போர்க்கால ஜீப் அத்தனையும் இடதுபக்க ஸ்டியரிங்தான்.

நீங்கள் அனுப்பிய படத்தில் ஏழு துளை, உயரமான பானட், வலதுபக்க ஸ்டியரிங். அது சி.ஜே.-3பி, மகிந்திரா இங்கே தயாரித்த வண்டி. இன்டேக் வால்வு மேலே இருக்கும் புது எஞ்சின் உயரமாக இருந்ததால் 1953-ல் வில்லிஸ் கம்பெனி பானட்டை உயர்த்தியது. பாட்டி சொன்ன பட்டாளத்து வண்டி இல்லை என்று வருந்தாதீர்கள். மலைத்தோட்டங்களின் வரலாறே அந்த வண்டியில்தான் ஓடியது. அதற்கு ஒன்பது துளை கிரில் வாங்கி மாட்டாதீர்கள். அது எதுவோ அதுவாகவே இருக்கட்டும்.

கோவை வாசகர்: "1942 ஒரிஜினல் வில்லிஸ்" என்று ஒருவர் விற்கிறார். ஒன்பது துளை இருக்கிறது, ஸ்டியரிங் இடதுபக்கம். நம்பலாமா?

இப்போதைக்கு நம்ப வேண்டாம். போர்க்கால ஜீப்பை வில்லிஸ், ஃபோர்டு என்று இரண்டு அமெரிக்கக் கம்பெனிகள் செய்தன. கிரில்லை ஒரு மணி நேரத்தில் மாற்றலாம். பாடியை முழுசாகவே மாற்றலாம், பிலிப்பைன்ஸில் புதிதாகச் செய்து விற்கிறார்கள். சேசிஸை, அதாவது வண்டியின் அடிச்சட்டத்தை மாற்றுவதுதான் கடினம். அதனால் டார்ச்சை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் படுங்கள்.

ரேடியேட்டருக்குக் கீழே இரண்டு சேசிஸ் சட்டங்களையும் இணைக்கும் குறுக்குச் சட்டம் இருக்கும். அது உருண்டைக் குழாயாக இருந்தால் வில்லிஸ் எம்.பி. கவிழ்த்துப் போட்ட 'ப' வடிவத் தகடாக இருந்தால் ஃபோர்டு ஜி.பி.டபிள்யூ. நான் முதலில் பார்ப்பது எப்போதும் இதைத்தான்.

அடுத்து எண். வில்லிஸில் முன் பம்பருக்குப் பின்னால், இடது சட்டத்தின் உட்பக்கம் சின்னத் தகடு ஒன்றை ரிவெட் அடித்து அதில் எண்ணைப் பொறித்திருப்பார்கள். தகடு என்பதால் அது பிடுங்கப்பட்டிருக்கவும் வாய்ப்புண்டு. ஃபோர்டில் இடது சட்டத்தின் மேல்பக்கத்திலேயே நேரடியாக அடித்திருப்பார்கள். பல அடுக்குப் பெயின்ட்டுக்கு அடியில் ஒளிந்திருக்கும், பெயின்ட் ரிமூவரைத் தடவிப் பொறுமையாகத் துடைத்தால் வெளிப்படும். அந்த இடத்தில் கிரைண்டரை மட்டும் வைத்துவிடாதீர்கள். எஞ்சின் எண் பிளாக்கின் வலது முன்பக்கம், ஆயில் ஃபில்டருக்குப் பின்னால் இருக்கும். ஃபோர்டு ஆலையிலிருந்து வரும்போது எஞ்சின் எண்ணும் சேசிஸ் எண்ணும் ஒன்றுதான். வில்லிஸில் இரண்டும் வேறு, அதைப் பார்த்து மோசடி என்று முடிவுகட்ட வேண்டாம்.

இன்னொன்று போல்ட். ஃபோர்டு நிறுவனம் தன் பாகங்களில் 'எஃப்' எழுத்தைப் பொறித்தது. போல்ட் தலையில், கொக்கியில், தாங்கியில் என்று கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும். எனக்கு ஒரு காயலான் கடையில் துருப்பிடித்த போல்ட் குவியலில் ஏழு 'எஃப்' கிடைத்த நாளை மறக்க முடியாது. ஆனால் 'எஃப்' போல்ட் இருந்தாலே ஃபோர்டு வண்டி என்று ஆகிவிடாது. இரண்டு கம்பெனிப் பாகமும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும் என்பதுதான் ராணுவத்தின் நிபந்தனை. போர்க்களப் பட்டறையில் கைக்குக் கிடைத்ததை மாட்டியிருப்பார்கள். 1944 வாக்கில் இரண்டு கம்பெனியும் ஒரே மாதிரி பாடியையே பயன்படுத்தின. ஆகவே பாடி சாட்சி சொன்னாலும் தீர்ப்பு சேசிஸிடம்தான்.

உங்கள் விற்பனையாளர் குறுக்குச் சட்டத்தைப் படமெடுக்க விடவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் வாங்காதீர்கள்.

மதுரை வாசகி: ஜி.பி. என்பது 'ஜெனரல் பர்ப்பஸ்', அதுதான் ஜீப் ஆனது என்று படித்திருக்கிறேன். சரியா?

ஃபோர்டின் குறியீட்டில் 'ஜி' என்றால் அரசு ஒப்பந்தம். 'பி' என்றால் 80 அங்குல வீல்பேஸ். 'டபிள்யூ' என்றால் வில்லிஸ் வடிவமைப்பு. 'ஜீப்' என்ற சொல் அதற்கு முன்பே அமெரிக்கப் பட்டாளத்துப் பேச்சுவழக்கில் இருந்தது. 1941 பிப்ரவரியில் வாஷிங்டன் நாடாளுமன்றப் படிக்கட்டில் வில்லிஸ் வண்டியை ஏற்றிக் காட்டினார்கள். அந்தச் செய்தி வெளியான பிறகு பெயர் ஊர்முழுக்கப் பரவியது.

இதில் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. முதல் ஜீப்பைச் செய்தது வில்லிஸும் இல்லை, ஃபோர்டும் இல்லை. அமெரிக்கன் பேன்டம் என்ற சிறு கம்பெனி. 135 கம்பெனிகளிடம் கேட்டும், 49 நாளில் மாதிரி வண்டி தருகிறோம் என்று துணிந்தது அதுதான். கார்ல் ப்ராப்ஸ்ட் வரைந்தார், 1940 செப்டம்பர் 23 அன்று வண்டியை ஒப்படைத்தார்கள். பெரிய ஆர்டர் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. போர் முடிவதற்குள் வில்லிஸும் ஃபோர்டும் சேர்ந்து ஆறு லட்சத்துக்கு மேல் செய்தன.

கண்டி வாசகர்: அண்ணை, மாமாவின் ஜீப் பேராதனையில் மவுண்ட்பேட்டன் தலைமையகத்தில் ஓடியது என்று வீட்டில் ஒரு கதை இருக்குது. எப்படி உறுதிப்படுத்துறது?

மவுண்ட்பேட்டனின் தென்கிழக்காசியக் கட்டளையகம் 1944 ஏப்ரலில் டெல்லியிலிருந்து பேராதனைக்கு வந்தது உண்மை. அதனால் கதை நடந்திருக்கக்கூடியதுதான். ஆதாரம் இருந்தால் அது பானட்டின் பக்கவாட்டில், பெயின்ட்டுக்கு அடியில் இருக்கும். அமெரிக்க எண் என்றால் 20 என்று தொடங்கும். ரேடியோவில் எஞ்சின் இரைச்சல் கேட்காதபடி செய்த வண்டிக்குக் கடைசியில் 'எஸ்' சேர்ந்திருக்கும். பிரிட்டிஷ் கையில் இருந்த ஜீப் என்றால் 'எம்' எழுத்தும் எண்களும் வரும்.

தேடும் விதம் முக்கியம். 600 நம்பர் தண்ணீர் உப்புத்தாளை எடுத்து, சோப்புத் தண்ணீர் தொட்டு, உள்ளங்கை அளவு இடத்தில் மட்டும் வட்டமாகத் தேயுங்கள். ஒவ்வொரு அடுக்கும் மரத்தின் வளையம் போலத் தெரியும். வெள்ளையோ மங்கிய நீலமோ எட்டிப் பார்த்தால் நிறுத்திவிட்டு, அளவுகோலைப் பக்கத்தில் வைத்துப் படமெடுங்கள். பிறகு ஆயிரம் நம்பர் தாளுக்கு மாறி, எழுத்தின் போக்கிலேயே மெதுவாகப் போங்கள். ஒரு எண்ணுக்கு ஒரு மாலை ஆகும்.

என் வண்டியின் பானட்டை இப்படித் தேய்க்காமல் மணல் அடிக்கக் கொடுத்தேன். இருபது நிமிடத்தில் வெள்ளி மாதிரி பளபளவென்று திரும்பி வந்தது. என் வண்டி எந்தப் படையில், எந்த எண்ணில் ஓடியது என்பது அந்த மணலோடு போய்விட்டது. இன்றுவரை அதற்குப் பரிகாரம் இல்லை. அதனால்தான் பார்ப்பவரிடமெல்லாம் சொல்கிறேன்: படமெடுக்காமல் எதையும் சுரண்டாதீர்கள்.

சென்னை, திருவொற்றியூர் வாசகர்: தரைத்தகடு மேலே நன்றாக இருக்கிறது, காலை வைத்தால் அமுங்குகிறது. பட்டி வைத்து அடைக்கலாமா?

வேண்டவே வேண்டாம். தரைக்கு அடியில் நீளவாக்கில் தொப்பி வடிவத் தகடு ஓடும். அதற்குள் பலத்துக்காக மரக்கட்டை வைத்திருப்பார்கள். அந்தக் கட்டை ஈரத்தைக் குடித்து, எண்பது வருடமாகத் தகட்டை உள்ளிருந்தே தின்கிறது. கடற்கரைக் காற்றில் இன்னும் வேகம். மேலே பட்டி வைத்தால் ஈரம் உள்ளேயே அடைபடும். பாடியைத் தூக்கி, அந்தத் தகட்டை வெட்டியெடுத்து, மரத்தை மாற்றுவது ஒன்றுதான் வழி. புது மரத்தின் எல்லாப் பக்கமும் பெயின்ட் அடித்த பிறகே உள்ளே வையுங்கள். டிரைவர் சீட்டுக்கு அடியில் பெட்ரோல் டேங்க் உட்காரும் குழியையும் பாருங்கள், தண்ணீர் தேங்கும் இடம் அது. வெல்டிங் வைக்கும் முன் டேங்க்கைக் கழற்றி வண்டிக்கு வெகுதூரம் கொண்டுபோய் வைத்துவிடுங்கள்.

நல்ல தகட்டை வெட்டாதீர்கள். ஓட்டையான இடத்துக்கு மட்டும் ஒட்டுப் போடுங்கள். முக்கால் பாடி பழையதாக இருக்கும்போது முழுப் பாடியைப் புதிதாக மாட்டச் சொல்லும் பட்டறைக்காரர்கள் உண்டு. வேலை அவர்களுக்குச் சுலபம், ஆனால் வண்டி போய்விடும்.

திருநெல்வேலி வாசகர்: மைலேஜ் கட்டுப்படியாகவில்லை. டீசல் எஞ்சின் போட்டுவிடலாமா?

அந்த எஞ்சினால்தான் வில்லிஸ் ராணுவ ஆர்டருக்கான போட்டியில் வென்றது. 2.2 லிட்டர், 60 குதிரைசக்தி. பேன்டம், ஃபோர்டு எஞ்சின்கள் 45-ஐ ஒட்டித்தான் நின்றன. அதைக் கழற்றினால் மிஞ்சுவது வெறும் தகரம். தினமும் ஓட்ட வேறு வண்டி வாங்குங்கள்.

பழைய எஞ்சினுக்கு இன்றைக்குத் தலைவலி எத்தனால் கலந்த பெட்ரோல். பெட்ரோல் பம்ப் டயாஃப்ரத்தையும் ரப்பர் குழாய்களையும் எத்தனாலைத் தாங்கும் வகையாக மாற்றுங்கள். நீண்ட நாள் நிறுத்துவதென்றால் கார்புரேட்டரைக் காலி செய்துவிடுங்கள். "6 வோல்ட், ஸ்டார்ட் ஆகாது" என்று பலர் 12-க்கு மாற்றுகிறார்கள். பெரும்பாலும் குற்றம் ஒயரில்தான். 12 வோல்ட்டுக்கான மெல்லிய கேபிளைப் போட்டிருப்பார்கள். விரல் தடிமன் கேபிள் போட்டு, எர்த் பிடிக்கும் இடத்தைப் பெயின்ட் போகச் சுரண்டுங்கள். கியரில் முதலாவதுக்கு சிங்க்ரோ (பல்சக்கரங்களின் வேகத்தைச் சமமாக்கும் அமைப்பு) கிடையாது. வண்டி நின்ற பிறகே போடுங்கள்.

சேலம் வாசகர்: ஆர்.சி., பெயின்ட் இதிலெல்லாம் சட்டச் சிக்கல் உண்டா?

உண்டு. மத்திய மோட்டார் வாகன விதிகள் 121-ன்படி பாதுகாப்புத் துறை வண்டி தவிர வேறு எதற்கும் ஆலிவ் பச்சை அடிக்கக்கூடாது. பெயின்ட் டப்பாவைத் திறக்கும் முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பேசிவிடுங்கள். 50 வருடம் தாண்டிய வண்டிகளுக்கு 2021-ல் விண்டேஜ் பதிவு வந்தது. 'வி.ஏ.' வரிசை எண், 20,000 ரூபாய், 10 வருடத்துக்குச் செல்லும். சேசிஸோ பாடியோ எஞ்சினோ மாற்றியிருந்தால் கிடைக்காது. திருநெல்வேலி நண்பரும் இதைக் கவனிக்கவும்.

டொராண்டோ வாசகர்: இங்கே ஒரு பண்ணையில் மூக்கு சப்பையான பழைய ராணுவ லாரி கிடக்கிறது. கண்ணாடி கீழ்ப்பக்கம் உள்வாங்கிச் சாய்ந்திருக்கிறது. மதிப்புள்ளதா?

உடனே போய்ப் பேசுங்கள்! அது கனடிய ராணுவ வகை லாரி, சி.எம்.பி. என்பார்கள். சாய்ந்த கண்ணாடி என்றால் 13-ஆம் எண் கேபின், அந்த வரிசையில் கடைசியாக வந்தது. ஃபோர்டும் செவர்லேயும் ஒரே அச்சில் நாலு லட்சத்துக்கு மேல் செய்தன. நம் பக்கத்துக்கும் உறவு உண்டு. கனடாவிலிருந்து வந்த அடிச்சட்டத்தின் மேல் டாட்டா ஆலையின் கவசத் தகடு பொருத்திய வண்டிகள் இந்தியப் படையிடம் இருந்தன. 'டாட்டாநகர்' என்றே அவற்றைக் கூப்பிட்டார்கள். கேபினுக்குள் இருக்கும் பெயர்த்தகடுகளை யாரும் கழற்றிக்கொண்டு போகும் முன் படமெடுத்துவிடுங்கள்.

தேனி, பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்: வண்டி வாங்கப் பணம் இல்லை அண்ணா. நான் என்ன சேகரிக்கலாம்?

உங்கள் ஊரில் ஜீப் ஓட்டிய, பழுதுபார்த்த பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எந்த எஸ்டேட், எந்த வருடம், யாரிடம் வாங்கினார்கள், எந்தப் பாகத்தை எதனால் மாற்றினார்கள் என்று கேட்டுப் பதிவு செய்யுங்கள். பட்டறை பட்டறையாகப் போய், கிளவ் பாக்ஸ் மூடியில் இருக்கும் பெயர்த்தகடுகளைப் படமெடுங்கள். போர்க்கால ஜீப்பில் மூன்று தகடு இருக்கும், ஒன்றில் வண்டி ராணுவத்துக்குக் கொடுத்த தேதியே இருக்கும். சேசிஸ் எண்ணை ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். முதல் பத்து எண் சேர்ந்ததும் எனக்கு அனுப்புங்கள், உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.