அண்ணனுக்கு ஸ்டெம் செல் கொடுத்தால் எனக்கு என்ன ஆகும்?

கேள்வி: எனக்கு 26 வயது, எடை 55 கிலோ, இன்னும் திருமணமாகவில்லை. ரத்தப் புற்றுநோய் (ஏஎம்எல்) வந்த அண்ணனுக்கு என் ஸ்டெம் செல் முழுமையாகப் பொருந்துகிறதாம். முதுகுத்தண்டில் ஊசி குத்தி எடுப்பார்கள், பிறகு குழந்தையே பிறக்காது என்று வீட்டில் பயப்படுகிறார்கள். எங்கள் ரத்த வகையும் வேறு வேறு. கொடுக்கலாமா?

பதில்: முதுகுத்தண்டை யாரும் தொடப்போவதில்லை. ஸ்டெம் செல் என்பது ரத்த அணுக்களை உருவாக்கும் தாய்ச்செல்; எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜையில்தான் அது அதிகம். மஜ்ஜையாகவே எடுப்பதென்றாலும் இடுப்பெலும்பின் பின்பக்கத்திலிருந்து, முழு மயக்கத்தில்தான் எடுப்பார்கள். அண்ணனின் நோய்க்குப் பெரும்பாலும் அதுவும் தேவைப்படாது. கை நரம்பு வழியாக ரத்தத்திலிருந்தே பிரித்துவிடலாம்.

ரத்தத்தில் ஸ்டெம் செல்கள் மிகக் குறைவு. மஜ்ஜையிலிருந்து அவற்றை வெளியே வரவைக்க ஃபில்கிராஸ்டிம் என்ற ஊசியைத் தோலுக்கடியில் நான்கைந்து நாள் போடுவார்கள். வழக்கமான அளவு ஒரு கிலோவுக்கு 10 மைக்ரோகிராம்; உங்கள் எடைக்கு ஒரு நாளைக்கு 550. வீட்டில் வைத்துப் போடச் சொன்னால் மருந்தை 2 முதல் 8 டிகிரிக்குள் வையுங்கள். ஃப்ரீசரில் உறைந்துபோனால் வீண்.

இரண்டாம் நாளிலிருந்து இடுப்பும் கீழ்முதுகும் குடையும். மஜ்ஜைக்குள் செல்கள் பெருகுவதால் வரும் வலி அது. பாராசிட்டமால் போதும், ஆஸ்பிரின் வேண்டாம், ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களின் வேலையைக் கெடுக்கும். வெள்ளணு 40,000-ஐத் தாண்டிய ரிப்போர்ட்டைப் பார்த்துப் பதற வேண்டாம், ஊசியின் வேலையே அதுதான். மண்ணீரலும் சற்று வீங்கும். அதனால் சில வாரங்களுக்குக் கனமான எதையும் தூக்காதீர்கள். இடப்பக்க விலாவுக்குக் கீழோ இடத்தோளிலோ திடீரென்று கடும் வலி வந்தால், மண்ணீரல் கிழிந்திருக்கக்கூடும்; மிக அரிது, ஆனாலும் உடனே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

ஐந்தாம் நாள் சேகரிப்பு. ஒரு கையிலிருந்து ரத்தம் இயந்திரத்துக்குப் போகும், ஸ்டெம் செல் இருக்கும் அடுக்கு பிரிக்கப்பட்டு மீதி மறுகை வழியே திரும்பிவிடும். நான்கைந்து மணி நேரம் ஆகும். காலையில் நன்றாகச் சாப்பிட்டு, கழிப்பறைக்குப் போய்விட்டு உட்காருங்கள். நடுவில் எழுந்திருக்க முடியாது. ரத்தம் உறையாமலிருக்கச் சேர்க்கும் சிட்ரேட் உடலின் கால்சியத்தைப் பிடித்துக்கொள்வதால் உதடும் விரல்நுனியும் மரமரக்கும். பொறுத்துக்கொள்ளாமல் அப்போதே நர்ஸிடம் சொல்லுங்கள். வேகத்தைக் குறைத்து, கால்சியம் கொடுத்தால் சரியாகிவிடும்.

எவ்வளவு தேவை என்பதை அண்ணனின் எடை தீர்மானிக்கும். ஒரு கிலோவுக்கு 40 லட்சம் செல் என்று வைத்தால், 60 கிலோ ஆளுக்கு 24 கோடி. முதல் நாளில் சேராவிட்டால் மறுநாளும் அழைப்பார்கள். கை நரம்பு மெலிதாக இருந்தால் கழுத்திலோ தொடையிலோ குழாய் போட நேரும். இதை முன்னதாகவே கேட்டுவையுங்கள்.

ரத்த வகை வேறாக இருப்பது தடையல்ல. பொருந்த வேண்டியது ஹெச்எல்ஏ, அதாவது செல்களின் மேலுள்ள, பெற்றோரிடமிருந்து வரும் அடையாளக் குறிகள். உடன்பிறந்த ஒருவருக்கு அது முழுமையாகப் பொருந்தும் வாய்ப்பே 25 சதவீதம்தான். ஸ்டெம் செல் மாற்றுச் சிகிச்சை வெற்றியானால் சில மாதங்களில் அண்ணனின் ரத்த வகை உங்களுடையதாக மாறிவிடும்.

குழந்தைப்பேற்றுக்கு வருவோம். இந்த ஊசியால் கருமுட்டைகளுக்குப் பாதிப்பு இல்லை. ஊசி போடுவதற்கு முன் கர்ப்பப் பரிசோதனை செய்வது வழக்கமான நடைமுறை, அதைத் தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எச்ஐவி, மஞ்சள்காமாலை வைரஸ்களுக்கும் சோதிப்பார்கள். இவற்றில் தேறினால் தாராளமாகக் கொடுக்கலாம்.

மறுப்பதும் உங்கள் உரிமைதான். ஆனால் அதற்கு ஒரு கெடு உண்டு. செல் ஏற்றுவதற்கு ஏறக்குறைய ஒரு வாரம் முன்பே அண்ணனின் மஜ்ஜையை அழிக்கும் கீமோ தொடங்கிவிடும். அதன் பிறகு நீங்கள் பின்வாங்கினால் அவர் உயிருக்கே ஆபத்து. வீட்டுப் பேச்செல்லாம் அதற்கு முன்பே முடிந்துவிட வேண்டும். அந்த நாட்களில் சளி காய்ச்சல், புதிய மாத்திரை எதுவானாலும் மருத்துவக் குழுவுக்குத் தெரிவியுங்கள்.

வாரிசு பற்றிய கவலையை உண்மையில் அண்ணனுக்காகத்தான் பட வேண்டும். அந்தக் கீமோ அவருடைய விந்தணு உற்பத்தியை நிரந்தரமாகவே நிறுத்திவிடலாம். ஏற்கெனவே கீமோ எடுத்திருந்தாலும், விந்தணுவைச் சேமித்து வைக்க முடியுமா என்று இந்த வாரமே அவருடைய மருத்துவரிடம் கேளுங்கள்.