படபடப்பைப் பற்றியே படிக்கிறேன் என்கிற மகள்: பாம்பன் அம்மாவுக்கு ஒரு பதில்

வணக்கம்மா. இரண்டு தடவை நீட் எழுதியும் மார்க் வரவில்லை, தேர்வு அறையில் உட்கார்ந்ததுமே நெஞ்சு படபடத்துக் கை சில்லிட்டுப் போகிறது என்று அழுத பிள்ளை, இப்போது "டாக்டர் படிப்பு வேண்டாம், இந்தப் படபடப்பு எங்கேயிருந்து வருதுன்னு படிக்கப் போறேன்" என்று நிற்கிறாள், அப்படி ஒரு படிப்பு இருக்கா, இருந்தாலும் சோறு போடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். இருக்கிறது, நரம்பு உடலியல் என்று பெயர். சோறும் போடும், ஆனால் தாமதமாகப் போடும். மூன்றாவது தடவை நீட் கோச்சிங்குக்காகக் கடன் மட்டும் வாங்காதீர்கள்.

வீட்டில் யாரும் அவளைப் பயந்தாங்கொள்ளி என்று சொல்லவும் வேண்டாம். கேள்வித்தாளைப் பார்த்ததும் மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதியிலிருந்து மூளைத்தண்டின் அடியில் இருக்கும் முகுளத்துக்குத் தகவல் போகிறது. அங்கே சி-1 என்று பெயர் வைத்த செல்கள் உட்பட ஒரு சின்ன நியூரான் கூட்டம் இருக்கிறது. அதுவும் பக்கத்தில் உள்ள நியூரான்களும் சேர்ந்து தண்டுவடம் வழியாக, உடம்பை அவசரத்துக்குத் தயாராக்கும் பரிவு நரம்புகளை முடுக்கிவிடுகின்றன. இதயம் வேகமெடுக்கிறது, தோலுக்குப் போகும் ரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன, கை சில்லிடுவது இதனால்தான், அட்ரீனல் சுரப்பியும் அட்ரினலினை ரத்தத்தில் விடுகிறது. இது எல்லா மனிதருக்கும் உண்டு, சிலருக்குக் கூடுதலாக.

இதில் ஒன்று எனக்கு ரொம்பவே ஆச்சரியமானது. சாதாரணமாக ரத்த அழுத்தம் ஏறினால் கழுத்துத் தமனியிலும் பெருந்தமனி வளைவிலும் உள்ள உணர்விகள் முகுளத்துக்குச் சொல்லும், முகுளம் பரிவு நரம்புகளை அடக்கி, வேகஸ் நரம்பு வழியாக இதயத்தை மெதுவாக்கும். பதற்றத்தில் இந்தக் கட்டுப்பாடு அணைந்துபோவதில்லை, எவ்வளவு அழுத்தம் வரை பொறுத்துக்கொள்ளலாம் என்ற அளவையே மூளை மேலே ஏற்றி வைத்துவிடுகிறது, அதனால்தான் அழுத்தமும் துடிப்பும் ஒன்றாகவே ஏறுகின்றன.

நீங்கள் கடலில் பாசி எடுக்கப் போகிறவர் என்று எழுதியிருந்தீர்கள். தம் கட்டி முங்கும்போது உங்கள் உடம்பில் நடப்பது வேறு. முகத்தில் தண்ணீர் படும் தகவல் அதே மூளைத்தண்டுக்குத்தான் போகிறது, ஆனால் இதயம் மெதுவாகிறது, கை கால் குழாய்கள் இறுகி, இருக்கிற ஆக்சிஜன் மூளைக்கும் இதயத்துக்கும் மிச்சமாகிறது. மகளுக்கு இதயத்தை ஓட வைக்கிற இடத்துக்குப் பக்கத்திலிருந்தே உங்களுக்கு இதயத்தை நிதானமாக்கும் கட்டளை வருகிறது! எந்த நேரத்தில் எந்த நியூரான்கள் முந்துகின்றன, சிலருக்கு மட்டும் பதற்றம் தீர்ந்த பிறகும் அழுத்தம் ஏன் இறங்குவதில்லை என்பதையெல்லாம் இன்றும் ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள், எலிகளின் நியூரான்களை ஒளியால் இயக்கிக்கூடப் பார்க்கிறார்கள். உங்கள் பிள்ளை கேட்பது அந்தக் கேள்விதான். அவளைத் தடுக்காதீர்கள்.

சரி, வழி என்ன? பி.எஸ்சி. விலங்கியல் அல்லது உயிர்வேதியியல், 3 வருடம், உங்கள் மாவட்டத்துக் கலைக் கல்லூரிகள் அழகப்பா பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை, அதில் எது பக்கமோ அது போதும். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த பெண் என்பதால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் வரும். அப்புறம் 2 வருடம் எம்.எஸ்சி., அதன்பின் சி.எஸ்.ஐ.ஆர். நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகைக்குத் தேறிவிட்டால் பி.எச்டி. செய்யும்போதே முதல் 2 வருடம் மாதம் 37,000 ரூபாய் வரும், பிறகு 42,000. பெண்களுக்கு வயது வரம்பில் தளர்வும் உண்டு. பெங்களூரில் மனநலம், நரம்பியலுக்கான மத்திய அரசு நிறுவனமான நிம்ஹான்ஸில் நரம்பு உடலியலுக்கென்றே துறை இருக்கிறது, டெல்லிக்குப் பக்கத்தில் மானேசரில் தேசிய மூளை ஆராய்ச்சி மையம் இருக்கிறது. மொத்தம் ஏறக்குறைய 10 வருடம், கையில் காசு பார்க்க ஐந்தாறு வருடம் ஆகும், அதை மறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. மருத்துவக் கல்லூரி உடலியல் துறைகளில் எம்.பி.பி.எஸ். படிக்காதவர்களுக்கு இடம் குறைவு என்பதையும் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். குடும்பம் அவ்வளவு காலம் தாங்காது என்றால் இ.சி.ஜி., எக்கோ போன்ற இதயப் பரிசோதனைகளை எடுக்கக் கற்றுத்தரும் கார்டியாக் டெக்னாலஜி பட்டப்படிப்பு இருக்கிறது, ஆஸ்பத்திரியில் சீக்கிரம் வேலைக்குப் போகலாம். ஆனால் அவளிடம் கேட்டு முடிவெடுங்கள், உங்கள் பயத்தைக் கேட்டு வேண்டாம்.

இன்னும் இரண்டு வேலை பாக்கி. தேர்வு இல்லாத நாளிலும், சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் படபடக்கிறது என்றால் ராமநாதபுரம் அரசு மருத்துவமனையில் ரத்த சோகைக்கும் தைராய்டுக்கும் பரிசோதனை செய்துவிடுங்கள். அது ஒன்றும் இல்லையென்றால், மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீட்டி, நிமிடத்துக்கு 6 மூச்சு என்ற அளவில் தினமும் கொஞ்ச நேரம் பழகட்டும். மூச்சை விடும்போது வேகஸ் நரம்பின் பிடி கூடி இதயம் சற்று நிதானமாகும், தேர்வு அறையிலும் இது கைகொடுக்கும்.

கல்லூரி விண்ணப்பம் பெரும்பாலும் மே மாதம் வரும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், அவள் அப்பாவின் விசைப்படகு கரையில்தான் நிற்கும், வீட்டில் பணம் இருக்காது. அதனால் சாதிச் சான்று, வருமானச் சான்று இரண்டையும் மார்ச்சிலேயே இ-சேவை மையத்தில் எழுதிக் கொடுத்துவிடுங்கள், முதல் தவணைக் கட்டணத்துக்கு வேண்டியதையும் அதற்கு முன்பே தனியாக எடுத்து வையுங்கள்.