மூணு தடவை சி.டி. ஸ்கேன் எடுத்தாச்சு, டிஎன்ஏ உடைந்திருக்குமா?

கேள்வி: வயது 38. சிறுநீரகக் கல்லுக்காக எட்டு மாதத்தில் மூன்று முறை வயிற்றுக்கு சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். கதிர்வீச்சில் உடைந்த டிஎன்ஏ சேரவே சேராது, புற்றுநோயில்தான் போய் முடியும் என்கிறார் என் மைத்துனர். டிஎன்ஏவைச் சரிசெய்யும் என்று ஒரு மாத்திரையையும் வாங்கச் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: வேண்டாம், காசு மிச்சம். ஸ்கேனால் வந்த டிஎன்ஏ சேதத்தை மாத்திரை போட்டுச் சரிசெய்யலாம் என்பதற்கு ஆதாரம் இல்லை.

சேராது என்பதும் தவறு. நீங்கள் ஸ்கேன் அறைப் பக்கமே போகாமல் வீட்டில் படுத்துக் கிடந்தாலும், உங்கள் ஒவ்வொரு செல்லின் டிஎன்ஏவிலிருந்தும் தினமும் ஆயிரக்கணக்கான எழுத்துகள் (டிஎன்ஏ இழையில் வரிசையாகக் கோத்திருக்கும் வேதித் துண்டுகளை அப்படிச் சொல்வோம்) கழன்று விழுகின்றன. உடம்புச் சூடும் செல்லுக்குள் இருக்கும் தண்ணீருமே அதற்குப் போதும். 1970களில் தோமஸ் லிண்டால் என்ற விஞ்ஞானி இதைக் கணக்கிட்டு, இவ்வளவு சேதத்துக்குப் பிறகும் உயிர் பிழைத்திருக்கிறது என்றால் பழுதுபார்க்க ஓர் ஏற்பாடு இருந்தே தீர வேண்டும் என்று தேடிப் போய்க் கண்டுபிடித்தார். 2015 வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட மூவரில் அவரும் ஒருவர்.

டிஎன்ஏ இரட்டை இழை. ஓர் இழையில் எழுத்து கெட்டால், நொதிகள் அதை வெட்டி எடுத்துவிட்டு எதிர் இழையைப் பார்த்துச் சரியானதை வைத்துவிடும்.

அப்புறம் புற்றுநோய்க்கு வழிவிடும் மியூட்டேஷன், அதாவது டிஎன்ஏவில் நிலைத்துவிடும் எழுத்துப் பிழை, எப்படித்தான் வருகிறது? இங்கேதான் பலரும் குழம்புகிறார்கள். சேதம் வேறு, மியூட்டேஷன் வேறு. அச்சுக்குப் போகும் தாளில் ஓர் எழுத்தின் மேல் மை கொட்டியிருந்தால் பிழை திருத்துபவர் கண்ணில் உடனே படும், ஆனால் ‘பள்ளி’ என்பது ‘பல்லி’ ஆகியிருந்தால்? அதுவும் நல்ல சொல்தானே, தாண்டிப் போய்விடலாம். செல்லிலும் இதே கதை. சைட்டோசின் என்ற எழுத்து கெட்டால் யுராசில் ஆகும். அது டிஎன்ஏவில் இருக்கவே கூடாத எழுத்து, அதனால் சிக்கிவிடும். அதே சைட்டோசினில் மெத்தில் என்ற சின்ன வேதித் துணுக்கு ஒட்டியிருந்தால் கெடும்போது தைமின் ஆகிவிடுகிறது. தைமின் டிஎன்ஏவின் சொந்த எழுத்து! எதிரே இருக்கும் எழுத்தோடு பொருந்தாததை வைத்து நொதிகள் பெரும்பாலும் கண்டுபிடித்துவிடும், ஆனால் அதற்குள் செல் பிரிந்து நகலெடுத்துவிட்டால் இரண்டு இழையும் ஒத்துப்போய்விடும், பிழை என்று சொல்ல அங்கே எதுவும் மிஞ்சாது. அதுதான் மியூட்டேஷன்.

சரி, ஸ்கேனுக்கு வருவோம். சி.டி.யில் பாய்ச்சும் எக்ஸ் கதிர் இரண்டு இழையையும் சேர்த்தே அறுக்கக்கூடியது, பார்த்து எழுத எதிர் இழை இல்லாமல் போவதால் இது மோசமான வகை. செல் ஏற்கெனவே டிஎன்ஏவை நகலெடுத்து முடித்திருந்தால் அந்த நகலைப் பார்த்துச் சரியாகத் தைக்கும், இல்லையென்றால் அறுந்த முனைகளை அப்படியே ஒட்டும். ஒட்டும்போது நாலு எழுத்து போகலாம், முனை மாறியும் ஒட்டலாம். சரிசெய்யவே முடியாவிட்டால் பி53 என்ற புரதம் செல்லைப் பிரியவிடாமல் நிறுத்தும், அல்லது சாகடிக்கும்.

வயிற்று சி.டி. ஒன்றுக்குச் சுமார் 10 மில்லிசீவர்ட் (உடம்பு வாங்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு). சாதாரணமாக மண்ணிலிருந்தும் வானிலிருந்தும் ஓராண்டில் நமக்கு வருவது, உலகச் சராசரியில், 2.4. பத்து என்றால் தோராயமாக மூன்று செல்லில் ஒன்றில் ஓர் இரட்டை அறுபடல், பெரும்பாலானவை ஒரு நாளுக்குள் ஒட்டிவிடும். ஆபத்து பூஜ்யம் என்று சொல்லமாட்டேன், மிகச் சிறியது. நீங்கள் சிகரெட் பிடிப்பவராக இருந்தால் உங்கள் மைத்துனர் பேச வேண்டியது அதைப் பற்றி: தினம் ஒரு பாக்கெட் வீதம் ஓராண்டு பிடித்தால் நுரையீரல் செல் ஒவ்வொன்றிலும் சுமார் 150 மியூட்டேஷன் கூடுகிறது என்று 2016இல் கணக்கிட்டார்கள்.

இனி கல் இருக்கிறதா, நகர்ந்ததா என்று பார்க்க மட்டும் என்றால் அல்ட்ராசவுண்ட் போதுமா என்று டாக்டரைக் கேளுங்கள், அதில் கதிர்வீச்சே கிடையாது. சி.டி. தான் வேண்டும் என்றால் குறைந்த அளவுக் கதிரில் எடுக்க முடியுமா என்று கேட்கலாம், கல்லைப் பார்க்க அது பெரும்பாலும் போதும். வலியோடு காய்ச்சலும் வந்தாலோ சிறுநீர் நின்றுபோனாலோ, கதிர்வீச்சை நினைத்துக்கொண்டு வீட்டில் உட்காராதீர்கள், உடனே போங்கள். பழைய ஸ்கேன் படங்களையும் கையோடு கொண்டுபோங்கள், பாதி நேரம் அது இல்லாததால்தான் மறுபடி எடுக்கச் சொல்கிறோம்.