54 வயசுல விஆர்எஸ், ஹனோய்ல இங்கிலீஷ் டீச்சர் வேலை: கணக்கு கட்டுபடியாகுமா?

கேள்வி: கோயம்புத்தூர்ல ஒரு பம்ப் கம்பெனில எக்ஸ்போர்ட் செக்‌ஷன்ல 28 வருஷம் இருந்தேன், மார்ச் கடைசில விஆர்எஸ் (விருப்ப ஓய்வு) வாங்கிட்டேன். கைல மொத்தம் 80 லட்சம், சொந்த வீடு, கடன் இல்ல, பொண்ணு வேலைக்குப் போறா. நானும் மனைவியும் மாசம் 50,000 செலவு பண்றோம். எம்ஏ இங்கிலீஷ் படிச்சவன், வாத்தியார் ஆகணும்னு ரொம்ப நாள் ஆசை. வியட்நாம் தலைநகர் ஹனோய்ல ஒரு லாங்குவேஜ் சென்டர்ல மாசம் 1,000 டாலர்னு ஏஜென்ட் சொல்றார், டூரிஸ்ட் விசால வாங்க, அங்க வந்து மாத்திக்கலாம்ங்கறார். நாலு வருஷம் நான் மட்டும் போயிட்டு வரலாமா?

பதில்: போகலாம் சார். ஆனா அந்த ஏஜென்ட் சொல்ற வழியில போகாதீங்க.

முதல்ல கணக்கு. நீங்க ஊர்லயே இருந்தா வருஷத்துக்கு 6 லட்சம் அந்த 80 லட்சத்துல இருந்துதான் எடுக்கணும், 54 வயசுல இது கொஞ்சம் ஜாஸ்தி. 7 சதவீத வட்டி, விலைவாசி ஏறலைன்னு வச்சாலும் நாலு வருஷம் கழிச்சு 76 லட்சம்தான் நிக்கும். இப்ப ஹனோய் கணக்கு. டாலருக்கு 85 ரூபாய்னு குறைச்சே போடுவோம், மாசம் 85,000. அதை 12ஆல பெருக்கிடாதீங்க, அங்கதான் எல்லாரும் ஏமாறுறாங்க, சென்டர் வேலை பாதி இடத்துல மணிக்கணக்கு சம்பளம், டெட்னு அவங்க புத்தாண்டு வரும் ஜனவரி கடைசி இல்ல பிப்ரவரில, கிளாஸ் கிடையாது, சம்பளமும் கிடையாது, நடுவுல பேட்ச் முடிஞ்சு அடுத்தது ஆரம்பிக்கிற கேப் வேற. 10 மாசம்னு வைங்க, 8.5 லட்சம். அங்க ரூம், சாப்பாடு, வண்டி எல்லாம் மாசம் 45,000ன்னா 5.4 லட்சம், அந்த ஊர் வரி, ஒரு தடவை வந்துபோற டிக்கெட்னு 80,000. மிச்சம் 2.3 லட்சம். வீட்ல மேடம் தனியா இருந்தா 50,000 ஒண்ணும் 25,000 ஆயிடாது, 40,000 ஆகும், அதாவது 4.8 லட்சம். ஆக வருஷத்துக்கு 2.5 லட்சம் எடுத்தாப் போதும், நாலு வருஷம் கழிச்சு 93 லட்சம் நிக்கும். வித்தியாசம் 17 லட்சம். நீங்க அங்க சம்பாதிச்சுக் கொண்டுவர்றதுன்னா இதான், முதலைத் தொடாம விட்டு வைக்கிறது. இதுக்கு மேல யாராவது கணக்கு காட்டினா டெட் லீவை மறந்துட்டாங்கன்னு அர்த்தம்.

இப்ப டூரிஸ்ட் விசா விஷயம். இதுல நான் கண்டிப்பாவே சொல்றேன், வேண்டாம். வொர்க் பர்மிட் இல்லாம கிளாஸ் எடுத்தா மாட்டுறது நீங்க, ஏஜென்ட் இல்ல, சம்பளம் தரலைன்னா கேக்கவும் முடியாது. கம்போடியா, லாவோஸ், மியான்மர் பக்கம் வேலைன்னு கூட்டிட்டுப் போய் சைபர் மோசடில உட்கார வச்ச கதைக்கு வெளியுறவுத்துறையே எச்சரிக்கை விட்டிருக்கு. ஏஜென்ட் வெளியுறவுத்துறையோட இமைக்ரேட் போர்ட்டல்ல பதிவு பண்ணவரான்னு முதல்ல பாருங்க. முறையா போறதுன்னா டிகிரி சர்டிபிகேட் அட்டஸ்டேஷன், போலீஸ் கிளியரன்ஸ், மெடிக்கல், ஒரு டீச்சிங் சர்டிபிகேட் வேணும். இந்திய பாஸ்போர்ட்னா ஐஈஎல்டிஎஸ்ங்கற இங்கிலீஷ் டெஸ்ட் ஸ்கோரும் கேப்பாங்க, எம்ஏ இங்கிலீஷ் ஆச்சேன்னு கோவப்படாதீங்க. சர்டிபிகேட்ல 120 மணி நேர டெஃபல் ஆன்லைன்ல சில ஆயிரத்துக்கே கிடைக்கும், கேம்பிரிட்ஜோட செல்டா லட்சத்துக்கு மேல போகும், ஆனா அதுல நிஜ மாணவர்களை உட்கார வச்சு கிளாஸ் எடுக்க விட்டு குறை சொல்வாங்க. 28 வருஷமா கிளாஸ் பக்கமே போகாத உங்களுக்கு அந்தக் குறைதான் வேணும்.

சும்மா சொல்லல. என்கிட்ட வந்த ஒருத்தர், அவரும் ரிட்டயர் ஆனவர், ஷேக்ஸ்பியர் எல்லாம் மனப்பாடம், டெமோ கிளாஸ்ல ஆறு வயசுப் பசங்க பதினஞ்சு பேர், கைல ஒரு ஒட்டுற பந்தைக் குடுத்து போர்டுல இருக்கிற யானைப் படத்துல எறிய வைங்கன்னுட்டாங்களாம். குனிஞ்சு குனிஞ்சு பந்து பொறுக்கியே முட்டி போச்சுங்கறார். கிளாஸும் சாயந்தரம் அஞ்சரைக்கு மேல, சனி ஞாயிறு முழு நாள். பெரியவங்களுக்கு பிசினஸ் இங்கிலீஷ் எடுக்கிற பேட்ச் இருக்கான்னு கேளுங்க, எக்ஸ்போர்ட்ல இருந்தவருக்கு அதான் சரி. (கொரியா பத்தி யாராவது ஆசை காட்டினா, அங்க டியூஷன் சென்டர் டீச்சர் விசா ஏழு நாட்டுக்காரங்களுக்குத்தான், அதுல நாம இல்ல.)

இனி நம்ம ஊர் வரி. நிறைய பேர் இதைக் கோட்டை விடுவாங்க. வேலைக்குன்னு வெளிநாடு போறவர் அந்த நிதியாண்டுல இந்தியாவுல 182 நாளுக்குக் கம்மியா இருந்தா என்ஆர்ஐ. அதனால போறதுன்னா செப்டம்பர் 25க்குள்ள ஃபிளைட் ஏறிடுங்க, அக்டோபர்ல போனா அந்த வருஷ வியட்நாம் சம்பளமும் இங்க வரிக்கணக்குல வந்துடும். அங்கயும் 183 நாள் கணக்கு இருக்கு, அதுக்குக் கம்மின்னா நேரா 20 சதவீதம் பிடிப்பாங்க.

என்ஆர்ஐ ஆயிட்டா சேவிங்ஸ் அக்கவுண்டையும் எஃப்டியையும் என்ஆர்ஓவா (என்ஆர்ஐ இந்தியாவுல வச்சுக்கிற அக்கவுண்ட்) மாத்தணும், பேங்க்ல சொல்லாம விட்டுடாதீங்க. 80 லட்சமும் எஃப்டில இருந்தா வட்டி 5.6 லட்சம், இதே நீங்க இங்க இருந்தா புது வரி முறையில 12 லட்சம் வரைக்கும் வரி இல்லைங்கற தள்ளுபடில ஜீரோ. அந்தத் தள்ளுபடி என்ஆர்ஐக்குக் கிடையாது. 4 லட்சத்துக்கு மேல இருக்கிற 1.6 லட்சத்துக்கு 5 சதவீதம், செஸ் சேர்த்து எட்டாயிரத்துச் சொச்சம், அது பரவால்ல. ஆனா பேங்க் டிடிஎஸ் 31.2 சதவீதம், அதாவது 1.75 லட்சம் முதல்லயே பிடிச்சுடுவான், ரிட்டர்ன் போட்டு ரீஃபண்ட் வர்ற வரைக்கும் அந்தப் பணம் கைல இருக்காது. மேடம் செலவுக்கு ஆறு மாசக் காசு அவங்க அக்கவுண்ட்ல தனியா வைங்க. வரி மிச்சம் பண்றேன்னு எல்லாத்தையும் அவங்க பேருக்கு மாத்தினாலும் வட்டி உங்க கணக்குலதான் சேரும்.

பிபிஎஃப் இருந்தா முதிர்வு வரைக்கும் விடலாம், நீட்டிக்க முடியாது. சீனியர் சிட்டிசன் ஸ்கீம் என்ஆர்ஐக்கு இல்ல, திரும்பி வந்து இங்க இருக்கும்போது 60 ஆனதும் 30 லட்சம் வரைக்கும் போடலாம், இப்ப 8.2 சதவீதம்.

கம்பெனி மெடிக்கல் பாலிசி வேலையோட போச்சு. சுகர், பிபி இருந்தா புதுப் பாலிசில மூணு வருஷம் வரைக்கும் காத்திருக்க வைப்பாங்க, அதனால போறதுக்கு முன்னாடியே ரெண்டு பேருக்கும் எடுத்துடுங்க, நீங்க ஹனோய்ல இருக்கிற நாலு வருஷத்துல அது ஓடி முடிஞ்சிடும். அங்க ஆஸ்பத்திரி செலவுக்கு சென்டர் இன்சூரன்ஸ் தருதான்னு பார்க்கணும்.

கோர்ஸ், அட்டஸ்டேஷன், டிக்கெட், ரூம் அட்வான்ஸ், முதல் மூணு மாசச் செலவு எல்லாத்துக்கும் 5 லட்சம் ஒதுக்குங்க, நான் மேல போட்ட 93 லட்சத்துல இது சேரல, அதைக் கழிச்சுப் பாருங்க. இந்த 5 லட்சம் தீர்றதுக்குள்ள வொர்க் பர்மிட் கைக்கு வரலைன்னா திரும்பி வந்துடணும், மேடம்கிட்ட இதை இப்பவே சொல்லி வைங்க, அங்க போனப்புறம் இன்னும் ஒரு மாசம்னு மனசு இழுக்கும்.

இப்போதைக்கு சென்டருக்கு நேரா ஒரு மெயில் போடுங்க, ஏஜென்ட் வேண்டாம். மாசத்துக்கு உறுதியா எத்தனை மணி நேரம், டெட் லீவுக்குச் சம்பளம் உண்டா, வொர்க் பர்மிட் செலவு யாரோடது, மூணே கேள்வி. பதில் வந்ததும் அப்படியே அனுப்புங்க, அந்த 10 மாசத்தை 9 ஆக்கணுமா 11 ஆக்கணுமான்னு பார்த்துடலாம்.