வாசகர் கேள்வி பதில்: 1806 என்னும் எண்

கேள்வி: வேலூர் சிப்பாய்ப் புரட்சி நடந்த ஆண்டு 1806 என்று எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆண்டை விட்டுவிட்டு வெறும் எண்ணாகப் பார்த்தால் அதற்குச் சிறப்பு ஏதும் உண்டா?
- வாசகர், காட்பாடி

பதில்: நிறையவே உண்டு. 2-இல் தொடங்கி, கிடைக்கும் எண்ணை அதற்கு அடுத்த எண்ணால் பெருக்கிக்கொண்டே போங்கள். 2×3=6. 6×7=42. 42×43=1806. ஆக 1806 = 2×3×7×43. நான்குமே பகா எண்கள்.

இந்த நான்கால் 1806-ஐத் தனித்தனியே வகுத்தால் 903, 602, 258, 42 கிடைக்கும். கூட்டிப் பாருங்கள், 1805. ஒன்றே ஒன்றுதான் குறைகிறது! அதனால் 1/2 + 1/3 + 1/7 + 1/43 + 1/1806 சரியாக 1 ஆகிறது. 2, 6, 42, 1806 ஆகிய எண்களுக்கு இந்தக் குணம் உண்டு. அடுத்தது 47058 வரை போனால்தான் கிடைக்கும்.

பழைய பங்கீட்டுப் புதிர்களின் சூட்சுமமும் இதுதான். கூடையில் 41 இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய். மூத்தவருக்குப் பாதி, அடுத்தவருக்கு மூன்றில் ஒன்று, இளையவருக்கு ஏழில் ஒன்று. காயை நறுக்கக் கூடாது. பக்கத்துக் கூடையிலிருந்து ஒன்றைக் கைமாற்றாக வாங்கினால் 42. பங்குகள் 21, 14, 6. மொத்தம் 41 போக, வாங்கிய காய் மிஞ்சும், திருப்பிக் கொடுத்துவிடலாம். நாற்பத்து மூன்றில் ஒரு பங்குக்கு இன்னொருவரையும் சேர்த்தால் 1805 காய் வேண்டும்.

கேள்வி: இந்த ஐந்து பின்னங்களையும் கால்குலேட்டரில் கூட்டினால் 0.9999999 வருகிறதே?
- வாசகர், குடியாத்தம்

பதில்: ஒவ்வொரு பின்னத்தையும் தசமமாக்கி எழுதிவைத்துக் கூட்டியிருப்பீர்கள். 8 இலக்கக் கருவி 1/3-ஐ 0.3333333 என்று வெட்டிவிடும், 1/43-ஐ 0.0232558 என்று. வெட்டுப்பட்ட வால்கள்தான் குறைகின்றன. மீ.சி.ம. 1806 எடுத்துத் தொகுதிகளைக் கூட்டுங்கள்: 903+602+258+42+1. பிழை வராது.

கேள்வி: எந்த முழு எண்ணையும் 1807-ஆம் அடுக்குக்கு உயர்த்தி 1806-ஆல் வகுத்தால், அந்த எண்ணை வகுத்தால் வரும் அதே மீதிதான் வரும் என்கிறார்களே, உண்மையா?
- வாசகர், ஆரணி

பதில்: உண்மை. சிறியதில் சோதியுங்கள். 6-க்கு ஏழாம் அடுக்கு: 4-இன் ஏழாம் அடுக்கு 16384, 6-ஆல் வகுத்தால் மீதி 4. ஆனால் 10-க்கு இது செல்லாது. 2-இன் பதினோராம் அடுக்கு 2048, மீதி 8.

காரணம் ஃபெர்மாவின் தேற்றம். எண் வெவ்வேறு பகா எண்களின் பெருக்கலாக இருக்க வேண்டும், அந்தப் பகா எண் ஒவ்வொன்றிலும் 1 கழித்தால் வருவது மூல எண்ணை மீதியின்றி வகுக்க வேண்டும். 10-இல் 5 இருக்கிறது, 4 அதை வகுக்காது. 1806-இல் 1, 2, 6, 42 நான்குமே வகுக்கும்.

1, 2, 6, 42, 1806. மீதி மாறாத இந்தக் குணமுள்ள எண்கள் இவ்வளவே. இன்னொன்று வேண்டுமானால், 1806-இன் இரட்டைப்படைக் காரணி ஒன்றோடு 1 கூட்டி புதிய பகா எண் கிடைக்க வேண்டும். 1806-இன் இரட்டைப்படைக் காரணிகள் 2, 6, 14, 42, 86, 258, 602, 1806. ஒன்று கூட்டினால் 3, 7, 15, 43, 87, 259, 603, 1807. இவற்றில் 3, 7, 43 மட்டுமே பகா எண்கள், அவை ஏற்கெனவே உள்ளே இருக்கின்றன. கடைசியில் நிற்கும் 1807-ஐப் பார்த்ததும் பகா எண் என்றே தோன்றும். ஆனால் அது 13×139.