ஓட்டோ கியர் காரைக் கயிறு கட்டி இழுத்த பிறகு உறுமுகிறது, நகரவில்லை

ரயில் கடவையில் நின்றுபோன ஓட்டோ கியர் (தானாகக் கியர் மாறும்) காரை இழுத்து வந்த பிறகு, உறுமியும் நகரவில்லை என்று கேட்டிருந்தீர்கள். கடவையில் நின்றுபோனதால் வந்த பழுது இல்லை இது. ஏறாவூரிலிருந்து மட்டக்களப்பு டவுன் வரை கயிறு கட்டி இழுத்தீர்களே, அதுதான் கியர்பொக்ஸைத் தின்றிருக்கும்.

ஓட்டோ கியரில் ஓயில் பம்பைச் சுழற்றுவது எஞ்சின். முன்சில்லில் ஓடும் காரென்றால், எஞ்சின் நின்றிருக்க முன்சில்லு உருண்டால், நியூட்ரலில் இருந்தாலும் உள்ளே ஓயில் ஓடாது. கடவையை விட்டுத் தள்ளும் பத்தடி வேறு, டவுன் வரை இழுப்பது வேறு. முன்சில்லைத் தூக்கித்தான் கொண்டுபோயிருக்க வேண்டும்.

கியர் ஓயில் அளவு பார்க்கும் குச்சியை வெள்ளைத் துணியில் துடைத்துப் பாருங்கள். கறுத்து, தீய்ந்த மணம் வந்தால் ஸ்டார்ட் பண்ணவே வேண்டாம். தெளிவாக இருந்தாலும் தப்பியது என்று அர்த்தமில்லை, கராஜில் காட்டுங்கள். சில மொடல்களில் குச்சியே கிடையாது.

அப்புறம், கடவையில் நின்றபோது கியர் லீவர் அசையவில்லை என்றீர்கள். பற்றரி இறங்கினால் அப்படித்தான். பல கார்களில் லீவருக்குப் பக்கத்தில் சின்ன மூடி இருக்கும். அதைக் கிளப்பி, உள்ளே சாவியால் அமுக்கிக்கொண்டு நியூட்ரலுக்கு இழுக்கலாம். சரிவரவில்லையா, காரை விட்டுவிட்டு எல்லோரும் தூரப் போய் பொலிஸுக்கு, 119க்கு அடியுங்கள். உதயதேவி ரயில் பிரேக் பிடித்தாலும் உடனே நிற்காது.